மறுமலர்ச்சி என்று பேனர் வைத்தார்கள்

1. முதல் நாள்

துவாக்குடியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கம்பெனி வாசலில் பெரிய கோலம் போட்டு, கேட்டுக்கு மேலே ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் என் படம் இருந்தது. ரிட்டயர் ஆன அன்று எடுத்த படம். மாலையின் கனம் தாங்காமல் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கீழே, "எங்கள் மறுமலர்ச்சிக்குத் துணை நிற்க வரும் கஸ்தூரி மேடம் அவர்களே, வருக வருக!" என்று எழுதியிருந்தது.

கூச்சமாக இருந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன். பேனரை இரண்டாவது தடவை படிப்பதற்காகவே, செருப்பில் கல் மாட்டிக்கொண்டதுபோல் கேட்டுக்கு முன்னால் நின்று குனிந்தேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது இதைவிட மோசம் என்பதால், வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழில் தெரியாமல் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு சின்ன விளக்கம். நான் ஒரு பெரிய தொழிற்சாலையில் குவாலிட்டி கன்ட்ரோல் பிரிவில் இருந்தேன். பெரிய தொழிற்சாலை எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. தகடு, பிராக்கெட், கிளாம்ப் போன்ற சாமான்களைச் சுற்றியுள்ள சிறு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுத்துவிடும். சாமான் தயாரானதும் முதலில் சிறு கம்பெனியின் ஆளே அளந்து பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் பெரிய கம்பெனியின் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து திரும்பவும் அளப்பார். சரியாக இருந்தால், தன் எண் பொறித்த பன்ச்சை ஒவ்வொரு சாமானின் மேலும் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. பன்ச் விழுந்தால்தான் லாரி ஏறும்.

அந்த இன்ஸ்பெக்டர் வேலையை நான் பல வருடம் பார்த்தேன். சிறு கம்பெனிக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் 'ரிஜெக்ட் மேடம்'. ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த அம்மா பாக்ஸின் மூலைமட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலாளிகள் பேசுவதை நிறுத்துவார்கள். வேறு என்ன வேண்டும் ஒரு மனுஷிக்கு?

ரிட்டயர் ஆனபின் என்னைக் குவாலிட்டி இன்சார்ஜாக வேலைக்கு அழைத்தவர் செந்தில். நான் முன்பு எத்தனையோ முறை சாமானைத் திருப்பி அனுப்பிய கம்பெனி அவருடையது. அவருடைய அப்பா தொடங்கியது. அப்பா இருந்தபோது இரவு பகலாக மெஷின் ஓடியது. அப்புறம் ஆர்டர் வற்றிப் போய், பாதி மெஷின்களுக்குத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். இப்போது மறுபடி ஆர்டர் வரத் தொடங்கியிருந்தது.

"அப்பா காலம் பொற்காலம் மேடம். அது போச்சு, அதைப் பேசிப் பிரயோஜனம் இல்ல. இப்ப வர்றது மறுமலர்ச்சி. அதுக்கு உங்க முகம் எங்களுக்கு வேணும்," என்றார் செந்தில்.

முகம் வேண்டும் என்றுதான் சொன்னார். அளக்கிற கை வேண்டும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

2. ஆளுக்கொரு பெயர்

உச்சத்தில் இருந்தவர்கள் இறங்கி வந்தபின் கொஞ்சம் தலையெடுத்தால், உடனே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும் நம் ஜனங்களுக்கு. எனக்கு வைத்த பெயர்களைச் சேர்த்தால் ஒரு அர்ச்சனையே செய்யலாம்.

வழியனுப்பு விழாவில் பேசிய யூனியன் தலைவர் 'இரண்டாம் வசந்தம்' என்றார். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன மேடம், செகண்ட் இன்னிங்ஸ் எப்படிப் போகுது?" என்றார்கள். கம்பெனி அக்கவுண்டன்ட் ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர்; எனக்குச் சுக்கிர திசை தொடங்கியிருக்கிறது என்று அடித்துச் சொன்னார். பெங்களூரிலிருந்து என் மகள் போனில் "அம்மா, சீசன் டூ தான் எப்பவுமே ஹிட்டு," என்றாள்.

ஒவ்வொன்றையும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை, நானாகவும் ஒன்று கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், முற்காலச் சோழர்கள் உறையூரில் இருந்தார்கள், பிற்காலச் சோழர்கள் தஞ்சாவூரில். பெரிய கோயில் கட்டியதும் கடல் கடந்து போனதும் பிற்காலத்தவர்கள்தான். நானும் தினமும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறித்தானே துவாக்குடியில் இறங்குகிறேன்! ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து இப்படி நினைத்துச் சிரித்துக்கொள்வேன். ஒரு குவாலிட்டி இன்சார்ஜ் தன்னைப் பிற்காலச் சோழர் என்று நினைத்துக்கொண்டு டிபன் கேரியரோடு போகிறாள் என்று பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்.

என் வீட்டுக்காரர் மட்டும் பெயர் எதுவும் வைக்காமல் இருந்தார். அவர் மருங்காபுரிப் பக்கம், மானாவாரிக் குடும்பம். ஒரு நாள் காலையில் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்க ஊர்ல இதுக்கு என்னங்க சொல்லுவீங்க?"

"எதுக்கு?"

"ஒரு தடவை நல்லா இருந்து முடிஞ்சு, திரும்பவும் நல்லா வர்றதுக்கு."

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "மறுதாம்பு," என்றார். பிறகு விளக்கினார். "சோளத்தை அறுத்தப்புறம் ஒரு மழை பேஞ்சா கட்டையிலேர்ந்து திரும்பத் துளிர்க்கும். உழவு கிடையாது, விதை கிடையாது. பாக்குறதுக்கு முதல் பயிரை விடப் பச்சையா இருக்கும். ஆனா மாட்டை அதுல விட மாட்டோம். அந்தக் குருத்தைத் தின்னா மாடு செத்துப் போயிடும்."

"காலங்காத்தால நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

"நீ கேட்டே, சொன்னேன். டிபனை வை."

இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவ்வளவு மெதப்பு எனக்கு.

3. ரிஜெக்ஷன் இல்லாத மாதங்கள்

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தேன். காலையில் போனதும் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் இறங்கிவிடுவேன். ஒவ்வொரு சாமானையும் நானே அளந்தேன். தப்பு வந்தால் கத்தினேன். பையன்கள் பயந்தார்கள், சாமான் சரியாக வந்தது.

பெரிய கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவன் பிரபு. நான் கைப்பிடித்துத் தொழில் பழக்கிய பையன். பையன் என்கிறேன், கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. முதல் தடவை அங்கே என்னைப் பார்த்ததும் நான் உட்காரும்வரை உட்காரவில்லை.

"மேடம், நீங்க பார்த்துட்டீங்களா?" என்று கேட்டான்.

"பார்த்துட்டேன்."

"அப்புறம் நான் என்னத்தைப் பார்க்கிறது?" என்று சிரித்தான். ஆனாலும் அன்றைக்கு முழுவதும் அளந்தான். அடுத்த தடவை பாதியை அளந்தான். அதற்கடுத்த தடவை மேலாக நாலைந்து எடுத்துப் பார்த்தான். அப்புறம், டீ வருவதற்குள் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது.

எனக்கு அது தெரியாமல் இல்லை. நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது என் கீழே ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அவன் வேலை அன்றோடு போயிருக்கும். பிரபுவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், அவன் அளக்காமல் பன்ச் அடித்தது எனக்குச் செய்கிற மரியாதையாக இருந்தது. அந்த மரியாதை இனித்தது. இதைவிடப் பச்சையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மாதாமாதம் ரிஜெக்ஷன் பூஜ்யம். செந்தில் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் புது ஆட்களிடம் அறிமுகப்படுத்தினார். "எங்க குவாலிட்டி யாரு தெரியுமா? கஸ்தூரி மேடம்!" என்பார். எதிரில் இருப்பவர் "அப்ப சரி," என்பார். ஆர்டர் வரும். தார்ப்பாய்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடைக்கும் மீட்டிங்குக்கும் போகிறவள் எப்போது ஷெட்டுக்குள் இறங்குவாள்? பிரபு எப்படியும் பார்ப்பான் என்று நான் விட்டேன். மேடம் பார்த்திருப்பாங்க என்று பிரபு விட்டான். இரண்டு பேர் பார்க்கிறார்களே என்று ஓட்டை போடும் டிரில்லிங் மெஷினில் நிற்கும் ஆபரேட்டர் விட்டார். மறுமலர்ச்சி என்று ஊர் சொன்னது இதைத்தான்.

4. வைகுண்ட ஏகாதசி

தகடு ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கனமான தகடு, அதில் போல்ட் போடுவதற்கு ஓட்டைகள். ஓட்டை எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஆபரேட்டர் ஒவ்வொரு தடவையும் அளந்துகொண்டிருக்க மாட்டார். அளவு எடுத்துச் செய்த ஓர் அச்சுத் தகடு இருக்கும், அதற்கு ஜிக் என்று பெயர். அதை மேலே வைத்து அதன் ஓட்டை வழியாகவே டிரில்லை இறக்குவார். ஜிக் சரியென்றால் எல்லாம் சரி. ஜிக் தப்பென்றால் எல்லாம் ஒரே மாதிரி தப்பு.

இடையில் டிராயிங் மாறியது. ஓட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். புது டிராயிங் என் மேஜைக்கு வந்தது. பார்த்தேன். ஓரத்தில் இனிஷியல் போட்டேன். ஜிக்கை மாற்றச் சொல்ல வேண்டியது என் வேலை. அன்று செந்திலோடு கோயம்புத்தூர் கிளம்ப வேண்டியிருந்தது. காரில் ஏறியபின் அது என் நினைவில் இல்லை.

ஏகாதசிக்கு முதல் நாள் சாயங்காலம் செந்தில் ரிப்போர்ட்டோடு வந்தார்.

"மேடம், நாளைக்கு லோடு போயே ஆகணும். நீங்க ஸ்ரீரங்கத்தை விட்டு வெளிய வர முடியாது. ஒரு கையெழுத்து மட்டும் இப்பவே போட்டுடுங்க."

"தகடு முடிஞ்சிடுச்சா?"

"ராத்திரிக்குள்ள முடிஞ்சிடும் மேடம். பிரபு சார் லீவ் நாள்னு பார்க்காம வரேன்னுட்டாரு. அவரு பார்த்துக்குவாரு."

இன்னும் ஓட்டையே போடாத தகடுகளை அளந்து பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் தேதியையும் நானே எழுதினேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஓடினேன்.

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் அது வீடாக இருக்காது, சத்திரமாக இருக்கும். சொந்தக்காரர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லாரும் முதல் நாளே வந்து படுத்துவிடுவார்கள். அந்த வருடம் சிவகுமார் குடும்பத்தோடு வந்திருந்தார். சிவகுமார் முன்பு எனக்கு ஜூனியர். இப்போது பெரிய கம்பெனியில், பிரபுவுக்கெல்லாம் மேலே, சிறு கம்பெனிகளின் தரத்துக்கே பொறுப்பு அவர்தான். விடியலில் பரமபத வாசல் திறப்பதைச் சேவித்து, கூட்டத்தில் கசங்கித் திரும்பி வந்தோம். ஏகாதசிக்கு அரிசி ஆகாது என்பதால் ரவா உப்புமா கிளறிப் போட்டேன். சிவகுமாரின் மாமியார் ரத்தினாங்கியில் பெருமாளைப் பார்த்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார். சாயங்காலம் வரை வீடு நிறைய ஆட்கள்.

அதே காலையில் துவாக்குடியில் பிரபு, தன் லீவை விட்டுவிட்டு பைக்கில் வந்து, ரிப்போர்ட்டில் என் கையெழுத்தைப் பார்த்து, தகடுகளின் மேல் பன்ச் அடித்து லாரியை அனுப்பினான்.

5. மீட்டிங்

தகடு, அதைப் பொருத்த வேண்டிய சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. போல்ட் ஏறவில்லை. ஒன்றில்கூட ஏறவில்லை. கிரேனையும் ஆட்களையும் நிறுத்திவிட்டு அங்கிருந்து போன் அடித்தார்கள்.

பெரிய கம்பெனியில் மீட்டிங் போட்டார்கள். போகும் வழியில் செந்தில் காரை ஓட்டிக்கொண்டே பேசினார்.

"நம்ம தகடு இல்ல மேடம், சைட் ஸ்டோர்ல வேற லாட்டோட கலந்துட்டாங்கன்னு சொல்லிடலாம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

ஹாலுக்கு வெளியே பிரபு காத்திருந்தான். என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போனான். அவனுக்கு அந்த மாதம்தான் புரமோஷன் இன்டர்வியூ.

"மேடம், நீங்க உள்ள எதுவும் பேச வேணாம். நான் அளந்தேன், ரீடிங்கைத் தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்லிடறேன். எல்லாருக்கும் நடக்கிறதுதான. திட்டுவாங்க, விட்டுடுவாங்க. உங்க பேரு இதுல வரக் கூடாது மேடம்."

வேண்டாம்டா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா என்பது எனக்கே தெரியவில்லை. அவன் கதவைத் திறந்து பிடிக்க, நான் முதலில் உள்ளே போனேன்.

அவன் சொன்னபடியே சொன்னான். எழுந்து நின்று, நடு மேஜையைப் பார்த்துக்கொண்டு, "அளந்தேன் சார். ரீடிங் எடுத்ததுல மிஸ்டேக் பண்ணிட்டேன்," என்றான். சிவகுமார் முகம் சுளித்தார். ஆனாலும் அது மன்னிக்கக் கூடிய முகச்சுளிப்பு என்று எனக்குத் தெரியும். நானே அப்படி எத்தனை பேரிடம் சுளித்திருக்கிறேன். அப்போது காபி வந்தது. கப்பை ஒவ்வொருவருக்கும் வைத்துக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் வைத்து முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை அருவருக்க வைத்தது.

"பிரபு அளக்கல," என்றேன். "நான் பார்த்திருப்பேன்னு நம்பி அவன் அளக்கல. நானும் பார்க்கல. பார்க்காம கையெழுத்துப் போட்டேன்."

இதைச் சொல்லிவிட்டால் இடி விழும் என்று நினைத்திருந்தேன். விழவில்லை. சிவகுமார் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"மேடம், மேடம்... உங்க சிஷ்யனைக் காப்பாத்தணும்னு நீங்க பழியை எடுத்துக்கிறீங்க. ரிஜெக்ட் மேடம் அளக்காம கையெழுத்துப் போட்டாங்கன்னு சொன்னா இந்தக் கட்டடம் நம்புமா?"

பக்கத்தில் இருந்த இன்னொரு அதிகாரி, இளைஞர், என்னைப் பார்த்துக் கைகூப்பியே விட்டார். "இதுதான் சார் அந்தக் காலத்து ஆளுங்க," என்றார். செந்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜையைச் சுற்றியிருந்த முகங்களில் எல்லாம் ஒரு கனிவு.

உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் என் மேலுள்ள மதிப்பு. இப்படியே விட்டுவிட்டால் நான் சொல்லியும் ஆயிற்று, பெயரும் மிஞ்சும், முன்பைவிடப் பெரிதாகவே மிஞ்சும். ஒரு வாய் காபி குடிக்கும் நேரம் அந்த ஆசை எனக்கு இருந்தது. இருந்தது என்பதை மறைக்கவில்லை.

"சிவகுமார், ரிப்போர்ட்ல தேதியைப் பாருங்க," என்றேன்.

பார்த்தார். அவருக்குப் பிடிபடவில்லை.

"அன்னைக்கு வைகுண்ட ஏகாதசி. நீங்க எங்க வீட்டுல ரவா உப்புமா சாப்பிட்டீங்க. உங்க மாமியாருக்கு நான் மோர் கலக்கிக் குடுத்தேன். சாயங்காலம் வரைக்கும் நீங்க என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்க. நான் எப்படிங்க அன்னைக்கு துவாக்குடியில அளந்திருப்பேன்?"

சிவகுமார் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடித்தபோது அவர் என்னைப் பார்க்கும் விதம் மாறியிருந்தது. கைகூப்பிய இளைஞர் தன் காபி கப்பை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மேடம். நீங்க வெளிய வெயிட் பண்ணுங்க," என்றார் சிவகுமார். பல வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

6. பெஞ்ச்

செந்தில் எல்லாத் தகடுகளையும் திரும்பச் செய்து கொடுத்தார். சில மாதங்களுக்குப் புது ஆர்டர் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். தார்ப்பாய்கள் மறுபடி மெஷின் மேல் ஏறின. செந்தில் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. "இனிமே நீங்க வெளிய எங்கயும் வர வேணாம் மேடம். ஷெட்டுலயே இருங்க," என்று மட்டும் சொன்னார். பொன்னாடை போர்த்தியவர்கள் சொல்லாத சரியான வார்த்தையை அவர்தான் சொன்னார். பையன்களுக்கு அந்த மாதங்களில் ஓவர்டைம் இல்லாமல் போனது. என்னை ஒருவரும் திட்டவில்லை, நான் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். முன்பும் நிறுத்துவார்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்த மௌனம் வேறு, இந்த மௌனம் வேறு.

பிரபுவுக்கு மெமோ கொடுத்தார்கள். இன்டர்வியூ பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. மீட்டிங் முடிந்த அன்றே பைக் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியில், அவன் என்னைப் புரிந்துகொள்வான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"மன்னிச்சிடு பிரபு. மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

அவன் மாட்டப்போன ஹெல்மெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

"உங்க மனசு கேக்கல மேடம். சரிதான். நான் சொன்னபடி விட்டிருந்தா தப்பாப் படிச்சவன்னு ஆகியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். இப்ப நான் அளக்காதவன். அளந்தேன்னு பொய் சொன்னவன். வெளிய நிக்கும்போதே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் நிஜத்தையே சொல்லியிருப்பேன்ல மேடம்?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கையெழுத்துப் போட்டதைவிட, ஜன்னல் பக்கம் வாயை மூடிக்கொண்டு நின்றதைத்தான் நினைத்து நினைத்துக் குறுகுகிறேன். உள்ளே போய்ப் பேசியது நேர்மை என்று அன்று எனக்குத் தோன்றியது. அவனைப் பொய் சொல்ல விட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் அந்தப் பொய்யை உடைத்ததற்கு நேர்மை என்று பெயர் வைக்க முடியுமா?

ரிட்டயர் ஆனவர்கள் சங்கத்திலிருந்து, ஓய்வுக்குப் பின் வந்த உங்கள் மறுமலர்ச்சியைப் பற்றி இளைஞர்களுக்கு எழுதுங்கள் என்று கேட்டார்கள். எழுதிவிட்டேன். பிள்ளைகளே, பெயர் பெற்ற ஒருவரின் கையெழுத்தைப் பார்த்ததும் உங்கள் கை வெர்னியரைக் கீழே வைக்கப் போகும். வைக்காதீர்கள். நீங்களே பெயர் பெற்றவராகிவிட்டால், அந்தக் கை கீழே போவதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். இரண்டாவதுதான் கஷ்டம். லிஃப்டில் இப்போது யாராவது செகண்ட் இன்னிங்ஸ் பற்றிக் கேட்டால், வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆர்டர் திரும்பியபின் பிரபு முதல் தடவை இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தான். எல்லாச் சாமானையும் நான் அளந்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ரிப்போர்ட்டை நீட்டினேன். அவன் அதை வாங்கி, திறக்காமல், மேஜை மேல் கவிழ்த்து வைத்தான்.

"மேடம், நான் அளந்து முடிக்கிற வரைக்கும் நீங்க வெளிய இருங்க."

ஷெட்டில் இருந்த பையன்கள் எல்லாரும் கேட்டார்கள். நான் எழுந்து வெளியே போய், வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். கையிலேயே வைத்திருந்தேன். டீ ஆறி மேலே ஆடை படிந்தது. உள்ளே இன்னும் சுத்தியல் சத்தம் வரவில்லை. அவன் அளந்துகொண்டிருந்தான்.